வீட்டில் உலவும் அலைகள்



அடுக்களையில் மிக்சி ஓடும்போது மத்திய அலை வானொலியில் கரகரப்பு எழுவதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். இடி மின்னல் உள்ள நாளில் அது இன்னும் மிகும். நிலையத்தார் அனுப்பிய ஒலியில் குறை இல்லை. நம் வானொலிப் பெட்டியிலும் குறை இல்லை. இடைவழியில் வேறோர் அலை வந்து கலந்துவிடுகிறது. இதனையே குறுக்கீடு என்கிறோம். வானொலி தோன்றிய நாள் தொட்டு அதனைப் பின்தொடர்ந்து வரும் தொல்லை இது.

இன்று நம் வீடுகளில் மற்றொரு வகை வானொலி குடிபுகுந்துள்ளது. சுவரில் மாட்டியோ மேசைமேல் வைத்தோ இருக்கும் ரௌட்டர் என்னும் சிறு பெட்டியைச் சொல்கிறேன். வைஃபை என்று நாம் வழங்கும் கம்பியில்லா இணைப்பு அதிலிருந்துதான் கிடைக்கிறது. அதுவும் ஒரு வானொலி நிலையமே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வானொலி நிலையம் பேசும், நாம் கேட்போம். ரௌட்டரோ பேசவும் செய்கிறது, கேட்கவும் செய்கிறது. அதனோடு தொடர்பு கொள்ளும் கைப்பேசியும் கணினியும் அவ்வாறே. ஒரு வீட்டில் இத்தகைய கருவிகள் ஐந்து இருப்பின், ரௌட்டரோடு சேர்த்து ஆறு நிலையங்கள் ஒரே கூரையின்கீழ் இயங்குகின்றன எனலாம். இருபது வீடுகள் உள்ள அடுக்குமாடிக் கட்டடத்தில் எத்தனை நிலையங்கள் இருக்கும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இச்செய்தி மாணவர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்று பரவியபோது பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் வீடு தேடி வந்தன. அப்பொழுது இணைப்பு தடுமாறிய வீடுகளில் என்ன நிகழ்ந்தது? ஆசிரியர் சொன்ன வாக்கியத்தின் நடுவே ஒரு சொல் காணாமற் போயிற்று. சில வேளைகளில் அந்த ஒரு சொல்லோடு பாடத்தின் கருத்தே போயிற்று. கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, ‘எனக்கு விளங்கவில்லை’ என்று தன்னையே நொந்துகொண்டது. உண்மையில் அச்சொல் அதன் காதுக்கு வந்து சேரவே இல்லை. தன் அறிவில் இல்லாத குறையைத் தன்மேல் ஏற்றிக்கொள்வது கொடிது. ஆதலால், குறை எங்கே நேருகிறது என்று கண்டறியும் திறம் மாணவர்க்கு வேண்டும்.

ஒலிபரப்பு நிலையங்களுக்கும் வைஃபைக்கும் உள்ள அடிப்படை வேற்றுமையை முதலில் காண்போம். சென்னை வானொலி என்றதும் 720 கிலோஹெர்ட்ஸ் என்னும் எண் நேயர்களின் நினைவுக்கு வரும். அந்த எண் அந்த நிலையத்துக்கென ஒதுக்கப்பட்டது. அருகில் வேறொருவர் அதே எண்ணில் ஒலிபரப்புதல் கூடாது. வைஃபைக்கு இத்தகைய தனியுரிமை இல்லை. அது பெரிதும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி, ஊர்ப் பொதுக்கிணறு போன்றது.

அது பொதுவானதற்கு ஒரு வரலாறு உண்டு. 1947-இல் அமெரிக்காவிலுள்ள அட்லாண்டிக் சிட்டி நகரில் உலக நாடுகளின் வானொலி மாநாடு கூடியது. தொழிற்சாலை, ஆய்வுக்கூடம், மருத்துவமனை ஆகியவற்றின் கருவிகள் செய்தி அனுப்புவதற்காக அன்றி, வெப்பமூட்டுதல் போன்ற பணிகளுக்காக அலைகளை எழுப்புவதுண்டு. அவற்றுக்கென 2450 மெகாஹெர்ட்ஸைச் சுற்றிய பகுதியை அம்மாநாடு ஒதுக்கியது. நுண்ணலை அடுப்பு வேலை செய்வதும் இப்பகுதியிலேயே. இரைச்சல் மிகுந்த இவ்விடத்தைச் செய்தித் தொடர்புக்கு ஏற்றதென்று அக்காலத்தில் எவரும் கருதவில்லை. 1985-இல் அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையம், அலையைப் பரப்பி அனுப்பும் முறையைக் கையாண்டால் இப்பகுதியில் உரிமம் இன்றியே செய்தி அனுப்பலாம் என விதி செய்தது. அதன் பயனாக விளைந்ததே வைஃபை. அதற்குரிய முதல் பொது நெறிமுறை 1997-இல் வெளிவந்தது. அப்பொழுது அதன் உச்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999-இல் அது 11 மெகாபிட்டாக உயர்ந்தது.

இந்தியாவில் 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி, 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் குறைந்த ஆற்றலுடைய கருவிகளை உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம். ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உள. பிறர்க்கு இடையூறு செய்தல் ஆகாது. பிறரால் இடையூறு நேரின் பாதுகாப்புக் கோருதல் ஆகாது. தனக்கே உரியது என்று கொள்ளுதல் ஆகாது. இம்மூன்றையும் நினைவில் இருத்துங்கள். ‘என் வீட்டு இணைப்பை அடுத்த வீட்டார் கெடுக்கின்றனர்’ என்று முறையிட எவருக்கும் உரிமை இல்லை. கிணறு பொது, எல்லாரும் மொண்டுகொள்ள வேண்டும்.

உரிமையாளர் எவரும் இல்லாத இடத்தில் ஒழுங்கு நிலவுவது எங்ஙனம்? இங்கே ஹவாயித் தீவுகளில் நடந்த ஒரு சோதனையைக் குறிப்பிட வேண்டும். 1971-இல் நார்மன் அப்ராம்சன் என்னும் பேராசிரியரும் அவர்தம் குழுவினரும், ஹவாய்ப் பல்கலைக்கழகக் கணினியோடு பல இடங்களை வானொலி அலைகளால் இணைத்தனர். அவர்கள் கையாண்ட முறை மிக எளியது. செய்தி உள்ளவர் உடனே அனுப்பிவிட வேண்டும்; ‘கிடைத்தது’ என்னும் மறுமொழி வாராவிடின், சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்ப வேண்டும். இருவர் ஒரே வேளையில் அனுப்பினால் இரண்டு செய்திகளும் மோதிச் சிதையும். இம்முறையில், மொத்த நேரத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 18 பங்குக்கு மேல் பயன்பெற இயலாது என்பது கணக்கால் தெளிந்த உண்மை. எஞ்சிய நேரம் மோதலிலும் வெறுமையிலும் கழிந்துவிடும்.

எனவே, வைஃபையை அமைத்தவர்கள் மற்றொரு விதியைச் சேர்த்தனர்: பேசுமுன் கேள். ஒவ்வொரு கருவியும் வேறு எவரேனும் பேசுகின்றனரா என்று முதலில் உற்றுக் கேட்கும். வெளி அமைதியாக இருப்பினும் உடனே பேசாது. பெரும்பாலும் 0 முதல் 15 வரை ஏதேனும் ஓர் எண்ணைக் குலுக்கல் முறையில் எடுத்துக்கொண்டு, அந்த எண்ணிலிருந்து இறங்குமுகமாக எண்ணி முடித்த பின்னரே பேசும். எண்ணிக்கொண்டிருக்கையில் வேறொருவர் பேசத் தொடங்கினால் எண்ணுவதை நிறுத்திக் காத்திருக்கும். மோதல் நேர்ந்தால் அடுத்த முறை குலுக்கல் எண்ணின் எல்லை இரட்டிக்கும். இவையனைத்தும் நொடியில் பல்லாயிரத்தில் ஒரு கூறு என்னும் அளவில் நிகழ்கின்றன.

நான் நாற்பது மாணவர் அமர்ந்த வகுப்புகளில் பல்லாண்டு பாடம் நடத்தியவன். கேள்வி ஒன்று கேட்டதும் நாற்பது பேரும் ஒருங்கே விடை சொன்னால் ஒரு விடையும் கேளாது. ஒருவர் முடித்த பின் மற்றவர் பேசினால் எல்லா விடைகளும் கேட்கும். ஆனால் நேரம் பிடிக்கும். நம் இணைப்பு மெதுவாவதற்கு முதற் காரணம் இதுவே. அடுத்த வீட்டுக் கருவி நம் கருவியின் செய்தியை எப்பொழுதும் சிதைப்பதில்லை. பெரும்பாலும் நம் கருவி மரியாதையோடு காத்து நிற்கிறது. அந்தக் காத்திருப்பே நமக்குத் தாமதமாகத் தோன்றுகிறது.

வகுப்பில் மற்றொரு சிக்கலும் உண்டு. முன் வரிசையின் இடக்கோடியில் இருப்பவனுக்கும் பின் வரிசையின் வலக்கோடியில் இருப்பவனுக்கும் ஒருவர் முணுமுணுப்பு மற்றவர்க்குக் கேளாது. நடுவில் நிற்கும் ஆசிரியருக்கோ இருவர் குரலும் கேட்கும். இருவரும் ‘அமைதியாக இருக்கிறது’ என்று எண்ணி ஒரே வேளையில் பேச, ஆசிரியர் செவியில் இரண்டும் கலந்துவிடும். இங்ஙனமே, முன்னறையில் உள்ள கைப்பேசியும் பின்கட்டில் உள்ள கணினியும் ஒன்றையொன்று கேட்க இயலாதபோது, நடுவிலுள்ள ரௌட்டரிடம் அவற்றின் செய்திகள் மோதுகின்றன.

இனி, வரிசை எண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 1 முதல் 13 வரை அலைத்தடங்கள் குறிக்கப்பட்டுள்ளன. ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ். ஆனால் ஓர் இணைப்பு அடைத்துக்கொள்ளும் அகலமோ ஏறக்குறைய 20 மெகாஹெர்ட்ஸ். நீண்ட பெஞ்சு ஒன்றில் 13 இடங்களுக்கு எண் எழுதியிருக்க, அமர்பவர் ஒவ்வொருவரும் நான்கு இடத்தை அடைத்துக்கொண்டால் எத்தனை பேர் நெருக்கமின்றி அமரலாம்? மூவரே. 1, 6, 11 ஆகிய மூன்று தடங்களைத் தேர்ந்தெடுப்பது இக்காரணத்தால்தான்.

இவ்விடத்தில் பலரும் ஏமாறுவதுண்டு. 1-லும் 6-லும் கூட்டம் இருப்பதைக் கண்டு, ‘3 காலியாக உள்ளதே’ என்று அதனைத் தேர்வர். அது நன்மை தருவதில்லை. ஒரே தடத்தில் இருக்கும் இரு ரௌட்டர்கள் ஒன்றன் பேச்சை மற்றொன்று புரிந்துகொண்டு முறை வைத்துப் பேசும். 3-இல் இருப்பதோ 1-இல் உள்ளதன் பேச்சையும் 6-இல் உள்ளதன் பேச்சையும் அரைகுறையாகக் கேட்கும். பேச்சு என்று அறியாமல் வெறும் இரைச்சலாகக் கொள்ளும். தானும் குறுக்கே பேசும். மூன்று வீட்டாருக்கும் அதனால் இழப்பு. முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் நெருக்கடி, ஒருவரையொருவர் அறியாத நெருக்கடியைக் காட்டிலும் மேலானது.

முறை வைத்துப் பேசும் இந்த நாகரிகத்தை அறியாத கருவிகளும் உள்ளன. நுண்ணலை அடுப்பு அவற்றுள் தலையாயது. ரௌட்டர் அனுப்பும் ஆற்றல் பெரும்பாலும் 100 மில்லிவாட் அளவினது. அடுப்பின் உள்ளே எழும் ஆற்றலோ 700 முதல் 1000 வாட் வரை. அதாவது பல்லாயிரம் மடங்கு. உலோகக் கூடு அதனை அடைத்து வைக்கிறது. ஆயினும் கதவின் ஓரங்களில் கசியும் சிறு துளியே அருகிலுள்ள வைஃபையைக் கலக்கப் போதும். இக்கசிவு பாதுகாப்பு வரம்புக்கு உட்பட்டது. உடல்நலம் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. இங்கே நுட்பமான செய்தி ஒன்று உண்டு. வழக்கமான அடுப்பின் அலைக்குழல் மாறுமின்னோட்டத்தின் ஒரு பாதியில் மட்டுமே அலைகளை எழுப்பும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று ஆதலின், அடுப்பு ஏறக்குறைய 10 மில்லிநொடி இரைந்து, 10 மில்லிநொடி ஓய்கிறது. அந்த ஓய்வில் சில செய்திகள் தப்பிச் சென்றுவிடும். அதனால்தான் அடுப்பு எரியும்போது இணைப்பு முற்றிலும் அறுந்துபோகாமல் தள்ளாடுகிறது.

அடுப்பின் வல்லமைக்கு ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லலாம். அங்கே பார்க்ஸ் என்னும் ஊரில் 64 மீட்டர் விட்டமுள்ள வானொலித் தொலைநோக்கி உள்ளது. 1998 முதல் அதில் அவ்வப்போது விளங்காத சிறு துடிப்புகள் பதிவாயின. அவை விண்ணிலிருந்து வருபவை போலவே தோன்றின. ஆயினும் தரைமேல் எழுந்தவையாக இருக்கலாம் என்னும் ஐயமும் இருந்தது. 2015-இல் எமிலி பெட்ராஃப் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் காரணத்தைக் கண்டுபிடித்தனர். வளாகத்திலிருந்த நுண்ணலை அடுப்பை, அது நின்று முடியும் முன் எவரேனும் கதவைத் திறந்து நிறுத்தினால், அந்தக் கணத்தில் ஓர் அலைத்துடிப்பு வெளியேறும். தொலைநோக்கி அப்பக்கம் திரும்பியிருப்பின் அது பதிவாகும். விண்வெளியைத் துருவிய அறிஞர்கள் தங்கள் உணவறையில் விடை கண்டனர். ஐயத்தை வெளிப்படையாகச் சொல்லி, அடுப்புக் கதவைத் திறந்து திறந்து பார்த்துச் சோதித்த அவர்தம் நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அத்தொலைநோக்கியை நடத்தும் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்னும் ஆஸ்திரேலிய ஆய்வு நிறுவனத்துக்கு வைஃபையின் வளர்ச்சியிலும் பங்கு உண்டு. நம் அலை நமக்கே குறுக்கிடும் சிக்கலை அந்நிறுவனத்தின் ஜான் ஓ’சலிவனும் குழுவினரும் ஆராய்ந்தனர். வீட்டினுள் அலை நேராகவும் வரும். சுவரிலும் இரும்பு பீரோவிலும் பட்டுத் திரும்பியும் வரும். மூன்று மீட்டர் கூடுதலாகச் சுற்றி வரும் அலை, நொடியின் நூறு கோடியில் பத்துப் பங்கு தாமதமாக வந்து சேரும். வேகமாகச் செய்தி அனுப்பினால், முந்திய எழுத்தின் எதிரொலி பிந்திய எழுத்தின்மேல் விழும். ஒரே அலையில் விரைந்து அனுப்புவதைத் தவிர்த்து, செய்தியைப் பல சிற்றலைகளில் பங்கிட்டு ஒவ்வொன்றிலும் மெதுவாக அனுப்பினால் எதிரொலி தீங்கு செய்யாது. இதற்கு வேண்டிய கணித முறையில் ஓ’சலிவன் முன்னரே பழகியிருந்தார். வெடிக்கும் சிறு கருந்துளைகளின் துடிப்பைத் தேடிய ஆய்வில் அவர் அதனைக் கையாண்டிருந்தார். தேடிய துடிப்பு கிட்டவில்லை. பழகிய கணிதம் பயன்பட்டது. 1996-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது.

இப்பொழுது பரிகாரத்துக்கு வருவோம். இணைப்புத் தடுமாறினால் பலரும் செய்வது, மேலும் வலிய கருவியை வாங்குவது; அல்லது வீட்டில் மூலைக்கொரு பெட்டி வைப்பது. இது சந்தையில் உரத்துக் கூவுவது போன்றது. நாம் உரத்துப் பேசினால் அடுத்த வீட்டார் மேலும் நெடுநேரம் காத்திருப்பர். அவரும் வலிய கருவி வாங்குவர். பின் நாம் காத்திருப்போம். ரௌட்டர் ஒவ்வொன்றும், பயன்படுத்துவார் இல்லாத வேளையிலும், ‘நான் இருக்கிறேன்’ என்று நொடிக்கு ஏறக்குறைய பத்து முறை அறிவித்துக்கொண்டே இருக்கும். செய்தியைக் கேட்டு மீண்டும் சொல்லும் பெருக்கிப் பெட்டியை அதே தடத்தில் வைத்தால், ஒவ்வொரு செய்தியும் வெளியில் இருமுறை ஒலிக்கும். பேச்சு கூடுகிறது; கேட்கும் அமைதி குறைகிறது.

செலவில்லாத வழிகளே முதலில் செய்யத்தக்கவை. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 400 மீட்டருக்கு மேற்பட்டது. வீடும் தோப்பும் அதற்குப் பெருந்தடையாவதில்லை. வைஃபை அலையின் நீளமோ ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். கம்பி கட்டிய காங்கிரீட் சுவர், இரும்பு பீரோ, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, நிலைக்கண்ணாடி ஆகிய எல்லாம் அதனைத் தடுக்கும். ஆதலின், ரௌட்டரை வீட்டின் நடுவில், உயரத்தில், இவற்றுக்கு விலகி வையுங்கள். நுண்ணலை அடுப்பின் அருகே வேண்டா. வேகமான யூ.எஸ்.பி. 3.0 வகைச் சேமிப்புக் கருவிகளும் அவற்றின் வடங்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்பக்கூடியவை. அவற்றையும் சற்றே விலக்கி வையுங்கள். ஒரே அறைக்குள் பயன்படும் கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்கு மாற்றுங்கள். அங்கே தடங்கள் மிகுதி; அலை சுவரைக் கடக்க இடர்ப்படுவதால் அண்டை வீட்டுத் தொல்லையும் குறைவு. இடம் பெயராத கருவிகளான தொலைக்காட்சியையும் மேசைக் கணினியையும் கம்பியால் இணையுங்கள். கம்பியில் செல்வது பொதுவெளியில் இடம் கேட்பதில்லை. ஒவ்வொரு கம்பியும் அண்டை அயலாருக்கும் நாம் செய்யும் உதவி.

இவற்றை என் சொல்லுக்காக ஏற்க வேண்டா, சோதித்துப் பாருங்கள். முதலில், கணினியை ரௌட்டரோடு கம்பியால் இணையுங்கள். அப்பொழுதும் இணைப்புத் தடுமாறினால் குறை வெளியிலிருந்து வரும் தொடர்பிலோ ரௌட்டரிலோ உள்ளது. வீட்டிலுள்ள அலைகளைக் குற்றஞ்சொல்ல வேண்டா. கம்பியில் நன்றாக ஓடினால் குறை அலைகளிடம் உள்ளது. அடுத்து, அலையின் வலிமையை அளந்து காட்டும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, வீட்டின் வரைபடத்தில் அறைதோறும் அளவைக் குறியுங்கள். அளவு குறையெண்ணாக வரும், அலகு டெசிபல்-மில்லிவாட். −50 நல்ல வலிமை. −60 என்பது அதில் பத்தில் ஒரு பங்கு. −80 என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. வலிமை நன்றாக இருந்தும் இணைப்புத் தடுமாறினால் அங்கே குறுக்கீடோ நெரிசலோ உள்ளது என்று ஐயுறலாம். பின்னர் ஒரே ஒரு மாற்றம் செய்து மீண்டும் அளவுங்கள். இடத்தையும் தடத்தையும் ஒருசேர மாற்றினால் எதனால் நன்மை விளைந்தது என்று அறிய இயலாது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் பயின்ற முறை வீட்டிலும் பயன்படட்டும்.

வரைபடம் முடிந்ததும் அதனை அடுத்த வீட்டு மாணவரிடம் காட்டுங்கள். அவர் 1-ஐயும் நீங்கள் 6-ஐயும் எடுத்துக்கொள்ள, மாடி வீட்டார் 11-ஐ எடுத்துக்கொள்ளலாம். இருபது வீடுகளுக்கு மூன்று தடங்கள் போதா என்பது உண்மையே. ஆயினும், ஒரு தடத்தில் இருப்போர் ஒருவரையொருவர் கேட்டு முறை வைத்துப் பேசுவர். தேவையற்ற பெட்டிகள் நிறுத்தப்படும். கம்பிக்கு மாறத்தக்கவை மாறும். அன்று மாலைப் பாடத்தில் ஆசிரியர் சொல்லும் சொல் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையின் காதுக்கும் முழுமையாக வந்து சேரும். அதற்கு நீங்கள் செலவிட வேண்டியவை ஒரு தாளும் பென்சிலும், அண்டை வீட்டாரோடு பேசும் பத்து நிமிடமும்தான்.